செருப்புப் போட்ட கிரிவலம்

2026 பிப்ரவரி 3, செவ்வாய்க்கிழமை. ஐந்தரைக்கு எழுந்து குளித்து, ஏழு மணிக்கு லாட்ஜில் இரவுக் காவலரிடமிருந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டேன். பௌர்ணமிக் கூட்டம் வடிந்திருந்தது. மொட்டைமாடிக் கொடியில் போர்வைகள் காய்ந்தன. சாமி படத்துக்கு ஊதுவத்தி ஏற்றி, மேசையைத் துடைத்து, சுவரில் மாட்டியிருக்கும் முதலுதவிப் பெட்டியைத் திறந்தேன். வழக்கம்போல் விபூதிப் பொட்டலங்கள். பஞ்சோ மருந்தோ அதில் ஒருநாளும் இருந்ததில்லை. பெட்டியை மாட்டச் சொன்னது சட்டம். நிரப்பியது எங்கள் முதலாளி.

நான் அங்கே மேனேஜர். முதலாளிக்குப் பாதுகாப்பில் பெரிய அக்கறை. புதிய தொழிலாளர் சட்டங்கள் போன நவம்பரில் நடைமுறைக்கு வந்ததும், ‘பாதுகாப்பே முதன்மை’ என்று பலகை எழுதி மாலை போட்டார். அறை சுத்தம் செய்யும் பெண்களைக் கையுறையோடு புகைப்படம் எடுத்தார். கையுறை ஒரே ஜோடிதான். ஒருவர் மாட்டிப் படம் எடுத்ததும் கழற்றி அடுத்தவரிடம் கொடுத்தார். கடைசிப் படம் முடிந்ததும் கையுறை முதலாளியின் கார் டிக்கிக்குப் போய்விட்டது.

அந்தப் பெண்களில் ஒருவர் கீழ்பென்னாத்தூர்க்காரர். ஞாயிறு பௌர்ணமி, அறைகள் நிரம்பும் என்று அவரை விடியற்காலையிலேயே வரச் சொல்லியிருந்தோம். பௌர்ணமியன்று கிரிவலக் கூட்டத்தால் பஸ்கள் ஊருக்குள் வராது. வெளியிலேயே இறங்கி நடந்து வந்தவரை ஒரு பைக் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. இடது கால் முறிந்தது. வேலைக்காக வரும் வழியில் நேரும் விபத்தும் வேலையில் நேர்ந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது புதிய சட்டம். அப்படியானால் இழப்பீட்டுக்குப் பொறுப்பு முதலாளி.

பதினொரு மணிக்கு முதலாளி ஒரு தாளோடு வந்தார். அந்த அம்மா அன்றைக்கு விடுப்பு, கிரிவலம் போகும்போது அடிபட்டார் என்று டைப் அடித்திருந்தது. கீழே சாட்சியாக என் பெயர்.

“ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க மேனேஜர் சார்.”

“நாமதானங்க வரச் சொன்னோம்?”

“வரச் சொன்னோம். அடிபடச் சொன்னமா?” என்றவர், சாமி படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “பௌர்ணமியும் அதுவுமா ரோட்ல நடந்துருக்குது. கிரிவலம்தான? அண்ணாமலையார் பாத்துப்பாரு.”

பொய்க்குச் சாமியையே பங்காளியாகச் சேர்த்துக்கொள்ளும் இந்த ஊர்ப் பக்தியை நிறையப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு மலிவாக அன்றுதான் பார்த்தேன்.

“நாளைக்குச் சொல்றேங்க” என்று தாளை மடித்து வைத்தேன்.

மாலை அரசு மருத்துவமனைக்குப் போனேன். காலில் மாவுக்கட்டோடு அந்த அம்மா படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

“படும்மா.”

“என் வேலைக்கு வேற ஆள் போட்டுட்டாங்களா சார்?”

“இன்னும் இல்ல.”

“மொதலாளி வூட்டம்மா வந்தாங்க. கண்டம் தப்பிச்சுதுனு விபூதி பூசிட்டுப் போனாங்க. ஜாஸ்தியாவே பூசிட்டாங்க, கண்ணுல வுழுந்துடுச்சி.”

தாளில் இருந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

“நான் எங்க சார் சுத்துனன்? அப்டி எழுதிட்டா, புண்ணியமாவது என் பேர்ல ஏறுமா?” சிரிப்பு சட்டென்று நின்றது. “ஆறு மாசம் கால ஊனக்கூடாதாம். புள்ளைங்களுக்கு யார் சார் சோறு போடுவாங்க?”

ஸ்டூலை இழுக்கக் குனிந்தபோதுதான் கட்டிலுக்கு அடியில் அந்த ஒற்றைச் செருப்பைப் பார்த்தேன். வலது கால் செருப்பு. குதிகால் பக்கம் தேய்ந்திருந்தது.

“விழுந்தப்ப இதைத்தான் போட்டிருந்தியா?”

“ஆமா சார். இன்னொண்ணு ரோட்லயே போயிடுச்சி.”

வெறுங்காலில் சுற்ற வேண்டிய கிரிவலத்தைச் செருப்புக் காலோடு சுற்றும் உள்ளூர்க்காரரை எனக்குத் தெரியாது. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் முதலாளிக்கும் தெரியாது. பொய் சொல்லத் துணிந்தவருக்கு, அந்தக் காலைக் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொல்லத் தோன்றவில்லை. பார்த்துப் பழக்கமில்லை. அவர் லாட்ஜ் தரையைத் துடைப்பவர்களுக்குக் கால் உண்டு என்பதே அவருக்குச் செய்தியாக இருக்கும்.

“இதை எடுத்துக்கறேம்மா.”

“எடுத்துக்கினு போங்க சார். ஒண்ண வச்சிக்கினு நான் இன்னா பண்றது?”

மறுநாள் காலை முதல் வேலையாக, சாவிக்கொத்தையும் கையெழுத்துப் போடாத தாளையும் இரவுக் காவலரிடம் கொடுத்து, முதலாளியிடம் சேர்க்கச் சொன்னேன். பிறகு மஞ்சப்பையில் அந்தச் செருப்போடு, அந்த அம்மாவை வேலைக்கு வரச் சொன்னது நான்தான் என்று எழுதிக் கொடுக்க, தொழிலாளர் அலுவலகம் இருக்கும் வேங்கிக்காலுக்குப் பஸ் ஏறினேன்.