கடலில் போனவனின் கல்

முனிகிருஷ்ணன் ஏறியிருந்த சரக்குக் கப்பல் கிரீஸ் நாட்டின் பிரேயஸ் துறைமுகத்தில் எஞ்சின் கோளாறால் நின்றது. சூயஸ் கால்வாய் மூடிக்கிடந்த காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வந்த களைப்பில் மற்றவர்கள் படுத்துத் தூங்க, சமையல்காரர் அப்பாவு அவனைக் கிளப்பினார். பொன்னேரிக்காரர், அந்தத் துறைமுகத்துக்கு முன்பே வந்தவர்.

"ஏதென்ஸ் பக்கத்துலதான் கீது. ரயில்ல ஏறுனா போயிடலாம். சும்மா குந்திக்கினு இன்னா பண்ணப் போறே?"

முனிகிருஷ்ணன் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துக்காரன். இரண்டு வருஷத்துக்கு முன், ஐப்பசிப் புயலில், அவன் தம்பி மணவாளன் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போனவன் திரும்பவில்லை. கட்டுமரத்தின் இரண்டு கட்டைகள் மட்டும் கரை ஒதுங்கின. "உடம்பக் காட்டு, அப்பால அழுவுறேன்" என்று அம்மா எல்லம்மா சொல்லிவிட்டாள். கருமாதி நடக்கவில்லை. தம்பி பெண்டாட்டி ரத்னா தாலியோடும் பொட்டோடும்தான் இருந்தாள். அவளை நல்லது கெட்டதுக்குக் கூப்பிடலாமா கூடாதா என்று ஊருக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் இருக்கப் பிடிக்காமல்தான் முனிகிருஷ்ணன் கப்பல் வேலைக்கு வந்தான்.

ஏதென்ஸில் இறங்கி, முதலில் ஊர் நடுவிலிருந்த மலைமேல் ஏறினார்கள். எத்தனையோ தலைமுறைக் கால்கள் தேய்த்த பாறை, செருப்பு வழுக்கியது. மேலே கூரையில்லாத பெரிய கோயில். தூண்கள் மட்டும் வெயிலில் தேன் நிறத்தில் நின்றன.

"சாமி எங்கணா?"

"சாமி எப்பவோ போயிடுச்சு. வெறும் ஊடுதான் கீது."

முனிகிருஷ்ணன் பழக்கதோஷத்தில் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். தூண்களுக்கு நடுவே தூரத்தில் கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இறங்கி மீன் மார்க்கெட்டுக்குப் போனார்கள். ஈரத் தரை, கூச்சல், மஞ்சள் பல்பு வெளிச்சம். கண்ணுக்குத் தெரிந்த மீன் ஒன்று கிடந்தது, மடவை. அவன் விரல் தானாகச் செவுளைத் தூக்கிப் பார்த்தது. கடைக்காரர் சிரித்துவிட்டு அந்த மீனின் பேரைச் சொன்னார். இவன் "மடவை" என்றான். அவர் அதைத் திருப்பிச் சொல்லப் பார்த்து, வாய் குழறி, மறுபடி சிரித்தார். முனிகிருஷ்ணனும் சிரித்தான். பக்கத்துச் சந்தில் அப்பாவு ஊறவைத்த ஆலிவ் காய் வாங்கித் தின்னக் கொடுத்தார். கசந்தது. துப்ப மனசு வராமல் விழுங்கினான்.

வெயில் தாங்காமல்தான் மியூசியத்துக்குள் நுழைந்தார்கள். எங்கும் உருவம் செதுக்கிய பழைய கல்லறைக் கற்கள். கைகொடுத்து விடைபெறும் புருஷன் பெண்டாட்டி, நகைப்பெட்டி திறந்து பார்க்கும் பெண். ஒரு கல்லின் முன் முனிகிருஷ்ணன் கால் நின்றது. அந்தக் கல் பெரும்பாலும் வெறுமையாக இருந்தது. மேலே ஓரத்தில், கப்பலின் முனையில் ஒரு வாலிபன் தன்னந்தனியாக உட்கார்ந்து தலையைக் கையில் சாய்த்திருந்தான்.

அப்பாவு கீழே இருந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டினார். "கடல்ல செத்தவன் போல கீது."

காவலுக்கு நின்ற கிழவர் அருகே வந்து மேலே வெட்டியிருந்த பேரைக் காட்டி, "திமோக்ளீதிஸ்" என்றார்.

"உடம்பு கெடச்சுதான்னு கேளுணா."

அப்பாவு அரைகுறை இங்கிலீஷிலும் சைகையிலும் கேட்டார். கிழவர் இரண்டு கையையும் விரித்தார். யாருக்கும் தெரியாது.

முனிகிருஷ்ணன் நகரவில்லை. உடம்பு கிடைத்ததோ இல்லையோ, பெற்றவர்கள் இவன் போய்விட்டான் என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். சொன்ன பிறகுதான் கல்லில் பேர் ஏறியிருக்கும். அவன் தம்பியின் பேரை அந்தக் கல்லுக்குக் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொன்னான். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அப்பாவு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தை மாதம் ஊர் வந்தவன், இறால் ஆய்ந்துகொண்டிருந்த அம்மாவிடம் அந்தக் கல்லைப் பற்றிச் சொன்னான். எல்லம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"அவன் அம்மா ஒத்துக்கினாளா, நைனா?"

"தெரியலம்மா. ஆனா பேரு போட்டு கல்லு வெச்சாங்க."

"கல்லெல்லாம் நமக்கு வாணாம்." இறாலைத் தள்ளி வைத்தாள். "அந்தப் பொண்ணு இன்னா சொல்றாளோ, கேளு."

ரத்னா வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு வருசமா அவருக்காக அழுவக்கூட எனக்கு உரிமை இல்ல மாமா," என்றாள். "அழுதா, உசுரோட இருக்கறவனை நான் சாவடிக்கிறேன்னு அத்தை நெனைக்கும்னு அடக்கிக்கினேன்."

எல்லம்மா எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். குப்பமே கேட்கிற மாதிரி இருவரும் அழுதார்கள்.

முகத்துவாரத்தில் தர்ப்பையால் உடம்பு செய்து காரியம் நடந்தது. ஊர்ப் பெண்கள் ரத்னாவின் வளையலை உடைக்க வந்தபோது எல்லம்மா குறுக்கே நின்றாள். "உடைக்காதீங்க. அவளே கயட்டிக்குவா," என்றாள்.

முனிகிருஷ்ணன் மறுபடி கப்பலேறினான். சில வருஷம் கழித்துக் கும்மிடிப்பூண்டிப் பக்கம் கம்பெனிகள் வந்தபோது ரத்னா ஒன்றில் சேர்ந்து, பொன்னேரியில் ரயிலேறிப் போய்வந்தாள். கூட வேலைசெய்த ஆரம்பாக்கத்துத் துளசிராமன் அவளைப் பெண் கேட்டான். எல்லம்மா சரி என்றாள், ஆனால் கல்யாணத்துக்குப் போகவில்லை; போக முடியவில்லை என்றாள். ரத்னாவுக்குப் பிள்ளைவலி எடுத்தபோது மட்டும், யாரும் கூப்பிடாமலே, மாற்றுப்புடவையை மடித்து எடுத்துக்கொண்டு ஆரம்பாக்கத்துக்கு ரயிலேறினாள்.