அரைத்தாள் கடிதம்

பதினேழு வருடம் தபாற்கந்தோரில் குந்தியிருந்து ஊராருடைய கடிதங்களை வாசித்தவன் நான். அது என் வேலை இல்லை. முத்திரை விற்பதும், தபால் பையைக் கட்டி பஸ்ஸில் ஏற்றுவதும்தான் என் வேலை. ஆனால் முள்ளியவளையிலிருந்து எட்டு மைல் தள்ளி, காடு வெட்டித் திறந்த அந்தக் குளத்துக் குடியேற்றத்தில் இங்கிலீஷ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அரசாங்கம் அனுப்புவதெல்லாம் அப்போது இங்கிலீஷில் வந்தது. உறையைக் கிழிக்காமலே என்னிடம் கொண்டுவருவார்கள். நான் கண்ணாடியைப் போட்டு, ஒருமுறை செருமி, வாசித்துத் தமிழில் சொல்வேன். பதிலும் எழுதிக் கொடுப்பேன். பூசணிக்காயும் தேனும் வீடு தேடி வரும். சைக்கிளில் போகிறவன் என்னைக் கண்டால் இறங்கி உருட்டிக்கொண்டு போவான். கண்டறியாத மரியாதை! அது கிடைக்காமலே இருந்திருக்கலாம்.

பிறகு பாஷைச் சட்டம் மாறியது. ஐம்பதுகள் முடிந்து இரண்டொரு வருடத்தில் கடிதங்கள் சிங்களத்தில் வரத் தொடங்கின. முதலில் வந்ததைக் கொண்டுவந்தவர் ஒரு கமக்காரர். விரித்துப் பார்த்தேன். ஓர் எழுத்தும் விளங்கவில்லை. எண்களும் ரப்பர் முத்திரையும் மட்டும்தான் தெரிந்த முகங்கள். "என்னவாம் ஐயா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. விதைநெல் கேட்டு அவருக்கு மனு எழுதிக் கொடுத்தவன் நான்தானே. "விதைநெல் வருதாம், ரெண்டு கிழமை பொறுக்கட்டாம்" என்று வாய் கூசாமல் சொன்னேன். இரண்டு கிழமையில் விதைநெல் வந்தும் விட்டது. என்ன இழவுக்கு வந்ததோ! வராமல் விட்டிருந்தால் அன்றைக்கே திருந்தியிருப்பேன்.

அதன்பிறகு எனக்கென்று ஒரு முறை பிடித்துக்கொண்டேன். அச்சடித்த அரைத்தாளில் இடைவெளிகளைக் கையால் நிரப்பியிருந்தால், மனு கிடைத்தது என்று அர்த்தம். முழுத்தாளில் தட்டச்சு என்றால் உத்தரவு. அடியில் இரண்டு மூன்று பேருக்குப் பிரதி போட்டிருந்தால் ஏதோ வில்லங்கம். இங்கிலீஷ் காலத்தில் அப்படித்தான் இருந்தது. பாஷைதானே மாறியது, கந்தோர் மாறவில்லையே என்று எனக்கு நானே நியாயம் சொன்னேன். பெரும்பாலும் சரியாகவே வந்தது. ஒரு சிங்கள அரிவரிப் புத்தகமும் வாங்கினேன். நாற்பத்தாறு வயதில், பகல் முழுக்கப் பையோடு மாரடித்துவிட்டு வந்து அந்த வட்ட எழுத்துகளைப் பார்க்க அலுப்பாக இருந்தது. பத்துப் பக்கத்தோடு விட்டுவிட்டேன்.

சந்தியில் பேக்கரி வைத்திருந்த சிங்கள முதலாளியிடம் கேட்டிருக்கலாம். அவர் எங்களைப் போலவே தமிழ் கதைப்பார். தெற்கிலே இருந்த தாய்க்குச் சிங்களத்தில் தானே எழுதிய கடிதத்தைப் போட அடிக்கடி என்னிடம்தான் வருவார். கேட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை. ஆனால் ஊருக்கே கடிதம் வாசிக்கிறவன் பாண்காரரிடம் போய் வாசிக்கக் கொடுப்பதா? தலைக்கனம், வேறென்ன.

அப்படி என்னிடம் வந்தவர்களில் ஒரு பெண். யாழ்ப்பாணத்திலிருந்து புருஷனோடு வந்து குடியேறியவர். முப்பது வயது இருக்கும். பிள்ளைகள் இல்லை. மூன்று ஏக்கர் வயலும் ஒரு மேட்டுக்காணியும். புருஷன் காய்ச்சலில் செத்துப்போனார். தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று பத்திரத்தில் கேட்ட இடத்தில், காணி கிடைத்தபோதே, அதாவது கலியாணத்துக்கு முன்பே, அவர் தன் தமையனின் பெயரைக் கொடுத்து வைத்திருந்தார். மாற்ற வேண்டும், மாற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர், மாற்றவில்லை. அந்தத் தமையன் இந்தப் பக்கம் வந்து ஒருநாள்கூட மண்வெட்டி பிடித்தவரில்லை. வேர் பிடுங்கி அந்த நிலத்தைத் திருத்தியது இவர்கள் இரண்டு பேரும்தான்.

"பெண்சாதி நான் இருக்கிறன். எனக்கு எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கோ ஐயா" என்றார். நல்ல இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுத்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

ஐப்பசி மழைக்கு முன் பதில் வந்தது. அரைத்தாள். அச்சு, இடையிடையே கையெழுத்து. நடுவில் 14 என்று ஓர் எண். சட்டத்தின் பதினான்காம் பிரிவாக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

"மனு கிடைச்சிட்டுதாம் பிள்ளை. விசாரிச்சு அறிவிப்பினமாம். பொறுத்திருங்கோ."

"அப்ப நான் ஒண்டும் செய்யத் தேவையில்லையோ?"

"ஒண்டும் தேவையில்லை."

அவர் என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்த மழைக்கு ஆள் பிடித்து உழுது விதைத்தார். வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, "ஏதும் வந்ததோ ஐயா?" என்பார். "கந்தோர்க் காரியம் ஆறுதலாத்தான் நடக்கும் பிள்ளை" என்பேன். பெரிய விஷயம் தெரிந்தவன் நான்!

தை பிறந்த பிறகு பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. அந்தப் பெண் கையெழுத்துப் போட்டு வாங்கி, அங்கேயே உறையைக் கிழித்து என் பக்கம் நீட்டினார். முழுத்தாள், தட்டச்சு, அடியில் பிரதிகள். எனக்கு ஏனோ அன்றைக்குத் துணிவு வரவில்லை. "இப்ப பை கட்டுற நேரம். பின்னேரம் வாங்கோ" என்றேன். பின்னேரத்துக்குள் என்ன செய்யப்போகிறேன் என்று எனக்கே தெரியாது.

முத்திரை வாங்க வந்த பேக்கரி முதலாளி அருகில் நின்றார். அந்தப் பெண் அவர் பக்கம் திரும்பி, "ஐயாவுக்கு வேலையாம். நீங்கள் ஒருக்காப் பாருங்கோவன்" என்று கடிதத்தைக் கொடுத்துவிட்டார்.

முதலாளி மனதுக்குள் ஒருமுறை வாசித்தார். திரும்பவும் மேலேயிருந்து வாசித்தார்.

"தங்கச்சி, கலியாணப் பதிவுப் பத்திரத்தைப் பதினாலு நாளுக்குள்ள கொண்டுவந்து காட்டச்சொல்லி முந்திக் கடிதம் போட்டவங்களாம். நீங்க போகேல்லையாம். அதாலை காணியை உங்கட புருஷன்ரை அண்ணனுக்கு எழுதியாச்சாம்."

"முந்தின கடிதமோ? எனக்கு ஒரு துண்டுதான் வந்தது. அதை ஐயா வாசிச்சவர்." என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. "ஐயா, அதிலை அப்பிடி ஒண்டும் இல்லைத்தானே? இவர் பிழையாய்ச் சொல்லுறார் போலை."

முதலாளி என்னைப் பார்த்தார். விளங்கிவிட்டது அவருக்கு. "அப்பிடியும் இருக்கும் தங்கச்சி. நான் பள்ளிக்கூடம் கனக்கப் போகாத ஆள்" என்றார். என் மானத்தைக் காப்பாற்ற அந்த மனிதன் தன்னைத் தாழ்த்திக்கொண்டார். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"அவர் சரியாத்தான் சொல்லுறார் பிள்ளை. எனக்கு அந்தப் பாஷை தெரியாது."

அந்தப் பெண் கடிதத்தைத் திரும்ப வாங்கி மடித்தார்.

"அதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே ஐயா. கலியாணப் பத்திரம் பெட்டிக்குள்ளைதானே கிடந்தது."

இரண்டு முறை அவரைக் கூட்டிக்கொண்டு காணிக் கந்தோருக்குப் போனேன். பிழை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். முதலாளியும் சிங்களத்தில் ஒரு மனு எழுதித் தந்தார். போட்ட உத்தரவு போட்டதுதான் என்றார்கள். அறுவடைக்குப் பத்து நாள் இருக்கையில் தமையன் வந்து வயலைப் பாரமெடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அவருக்கும் அதே மாதிரி ஒரு கடிதம் போயிருந்தது, வாசிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டியிருக்கிறார்.

அந்தப் பெண் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அடுத்த கிழமையும் ஊரார் கடிதங்களோடு என் முன்னால் வந்து நின்றிருப்பார்களா? எனக்கு வாசிக்கத் தெரியாது, பேக்கரிக்குக் கொண்டுபோங்கள் என்றேன். ஐயா பகிடி விடுகிறார் என்று சிரித்தார்கள். சத்தம் போட்டுத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. ஐயாவுக்கு இப்போது பெருமை கூடிவிட்டது என்று ஊரில் கதை.

அந்தப் பெண் ஊரைவிட்டுப் போகிற நாளில், ஒரு தகரப்பெட்டியோடு யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸுக்கு வந்தார். பஸ் வர நேரம் இருந்தது. உள்ளே வந்து ஒரு கடதாசித் துண்டைத் தந்தார். புருஷன் வீட்டு விலாசமாக்கும் என்று நினைத்தேன், இல்லை, தாய்வீட்டு விலாசம்.

"கடிதம் ஏதும் வந்தால் இதுக்கு அனுப்பிவிடுங்கோ ஐயா" என்றார். பிறகு, என்னைக் குத்த வேண்டும் என்று இல்லாமல், ஒரு விபரம் சொல்வதுபோலச் சொன்னார்:

"அங்கை வாசிக்க ஆக்கள் இருக்கினம்."

ஓம் என்று தலையாட்டி விலாசத்தைப் பதிந்துகொண்டேன். அவர் பெயருக்கு அதன்பிறகு ஒரு கடிதமும் வரவில்லை.