செவலையின் கட்டியும் அம்மன் குளத்து வெல்லமும்

நாய்க்காகவா அம்மனிடம் அழுதாய் என்று சிலர் சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுப் படியுங்கள். செவலை எங்கள் வீட்டு நாய். மகள் கல்யாணமாகிப் போனபின், வீட்டுக்காரரும் மிளகாய்க் கொல்லைக்குப் போய்விட்டால், பொழுது சாயும்வரை நான் பேசுவது அதனிடம்தான். போன பங்குனியில் அதன் பின்தொடையில் ஒரு கட்டி வந்தது.

சுண்டைக்காய் அளவுதான். மரு என்று நினைத்தேன். எங்கள் கடலாடிப் பக்கம் மரு வந்தால் அம்மன் கோயில் குளத்தில் வெல்லம் போடுவோம். வெல்லம் கரையக் கரைய மருவும் கரையும். போட்டபின் மருவில் கத்தி படக்கூடாது என்பார்கள். நானும் ஓர் அச்சு வெல்லம் கொண்டுபோனேன். குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மழை பெய்யாமலா போகும் என்று அடிப்படியில் வைத்துக் கும்பிட்டு வந்துவிட்டேன்.

மழை வரவில்லை. கட்டி எலுமிச்சம்பழமாகப் பெருத்து உடைந்தது. இரத்தமும் ஈயுமாகக் கிடந்து முனகியது செவலை. பரமக்குடிக்கு ஆட்டோவில் ஏற்றிப் போனோம். உடனே அறுத்து எடுக்க வேண்டும், தள்ளிப்போட்டால் உள்ளே பரவிவிடும் என்றார் மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா. நான் முடியாது என்றுவிட்டேன். அம்மனிடம் ஒப்படைத்ததைக் கத்தியால் தொட்டால் உயிருக்கே ஆகாதே! வீட்டுக்காரர் எவ்வளவோ மன்றாடினார். திரும்பிவிட்டோம்.

வழியெல்லாம் அழுகை. நேரே கோயிலுக்குப் போய், "ஆத்தா, எம் புத்திக்கு ஒண்ணும் எட்டல. நீதான் வழி காட்டணும்" என்று விழுந்து கும்பிட்டேன். பிறகு குளத்தில் இறங்கிப் பார்த்தேன். வெல்லம் இல்லை. கடைசித் துணுக்குகளை எறும்புகள் இழுத்துக்கொண்டிருந்தன. கரையவில்லையே, வேண்டுதல் பலிக்கவில்லையே என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்காரர் குனிந்து பார்த்தார்.

"கரையலன்னா என்ன? எறும்பு எடுத்துட்டுப் போயிருச்சுல்ல? அதே மாதிரி டாக்டரம்மா எடுக்கட்டும். ஆத்தா வேணாம்னா சொல்லப் போறா?"

சாமி விஷயத்தில் வாயே திறக்காத மனுஷர் அவர். அவர் வாயால் அம்மன்தான் பேசினாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

மறுநாளே ஆபரேஷன் நடந்தது. தையலை நக்காமலிருக்க, பழைய வாளியின் அடியை அறுத்து செவலையின் கழுத்தில் மாட்டினோம். வாசல் நிலையில் முட்டிக்கொண்டு பாவம், என்னைத்தான் முறைக்கும். சோற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. காரல் மீன் அவித்த தண்ணீரில் குழையப் பிசைந்து ஊட்டினேன், மெல்ல நக்கியது. அன்றைக்கு நானும் வயிறாரச் சாப்பிட்டேன்.

தையல் பிரித்த அன்று டாக்டரம்மா, அறுத்தெடுத்த கட்டியின் பரிசோதனை முடிவைச் சொன்னார். அது கெட்ட கட்டிதானாம். ஆனால் முழுசாக வந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் தன் கையில் இல்லை என்றார். கரையட்டும் கரையட்டும் என்று நான் மழைக்குக் காத்துக்கொண்டல்லவா இருந்தேன்!

அதன்பிறகு நான் வேண்டுகிற விதமே மாறிவிட்டது. இன்னது வேண்டும் என்று கேட்பேன். இப்படித்தான் தரவேண்டும் என்று அவளுக்கு வழி சொல்வதில்லை.

உங்கள் வீட்டிலும் ஒரு வாயில்லா ஜீவன் நோவோடு கிடந்தால், வெட்கப்படாமல் அம்மனிடம் கேளுங்கள். மருத்துவரிடமும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தன் வலியைச் சொல்ல அதற்கு வாய் கிடையாது, நாம்தான் சொல்லவேண்டும்.

இதை எழுதும்போது வாசலில் பால்காரரைப் பார்த்துச் செவலை ஊரைக் கூட்டுகிறது. முன்பெல்லாம் அதட்டுவேன். இப்போது குரைக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.