குடும்பத்துக்கு ஒரு அட்டை

எங்கள் புலம்பெயர் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் ஸ்பிரிங்வேலில் ஒரு மண்டபத்தில் நடக்கும். குடும்பத்துக்கு ஒரு அங்கத்துவம், ஒரு வாக்கு. வாக்களிப்பதற்காக வாசலில் தரும் மஞ்சள் அட்டையைக் குடும்பத் தலைவர் வாங்கிக்கொள்வார். தலைவர் யாரென்று எவரும் கேட்பதில்லை. பதினாறு வருடங்களாக எங்கள் அட்டை என் கணவரின் சட்டைப் பைக்குள்தான் போனது. நான் மண்டபத்துக் குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தேன்.

கிளேட்டனில் ஓர் ஆஸ்பத்திரி வார்டு முழுவதும் என் பொறுப்பு. சங்கத்தில் மட்டும் நான் வாக்கில்லாத ஆள். நினைக்க நினைக்கப் பற்றிக்கொண்டு வரும்.

நோர்வேயில் இருக்கும் தங்கையிடம் தொலைபேசியில் கொட்டித் தீர்த்தேன். அங்கே பெரிய கம்பனிகளின் நிர்வாக சபையில் பெண்களும் இருந்தே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறதாம். தகுதியான பெண்களுக்கு எங்கே போவது என்று முணுமுணுத்தவர்கள், சட்டம் வந்ததும் தேடிப் பிடித்துவிட்டார்களாம். "நல்ல மனசால ஒருத்தரும் குடுக்கேல்லை அக்கா," என்றாள். "சட்டம் வந்தாப்பிறகுதான் குடுத்தவை."

அந்தச் சூட்டோடு சங்கத்தின் விதிகளுக்கு, அதாவது யாப்புக்கு, ஒரு திருத்தம் எழுதினேன். பதினெட்டு வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் தனி வாக்கு வேண்டும். கணவர்தான் அதைத் தட்டச்சுச் செய்து தந்தார்.

கூட்டத்தில் சங்கத் தலைவர் அதை வாசித்துவிட்டு, குடும்பத்துக்குள் கட்சி பிரிக்கும் வேலை இது என்றார். மகளிர் அணி இருக்கிறதே, அது போதாதா என்றும் கேட்டார். மகளிர் அணியின் வேலை தேநீர் ஊற்றுவது. பிறகு, ஆதரிப்பவர்கள் அட்டையை உயர்த்துங்கள் என்றார். பெண்களுக்கு வாக்கு வேண்டுமா என்று சொல்வதற்கும் பெண்களிடம் வாக்கு இல்லை.

பக்கத்துக் கதிரையில் கணவர். அவரோடு ஒரே வகுப்பில் படித்த தலைவர் மேடையிலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அட்டை மடியில் கிடந்தது. முழங்கையால் இடித்தேன். அசையவில்லை. நானே அதைப் பிடுங்கி உயர்த்தினேன். பதிவில் பெயர் உள்ளவர் உயர்த்தினால்தான் செல்லும் என்று செயலாளர் மைக்கில் சொன்னார். சிலர் சிரித்தார்கள். திருத்தம் தோற்றது.

காரில் ஏறியதும் கணவர், "நான் உமக்கு எதிராப் போடேல்லையே. சும்மாதானே இருந்தனான்," என்றார்.

தலைவர் மேல் வந்ததைவிட இவர் மேல்தான் எனக்கு அதிகம் கோபம் வந்தது. இவர் நல்ல மனிதர். நான் வேலைக்குப் போகும் நாள்களில் சமைப்பவர், பிள்ளைகளைக் குளிப்பாட்டி வளர்த்தவர். இவர் கையில்கூட என் வாக்கு பத்திரமாக இருக்கவில்லை என்றால், இன்னும் யாருடைய நல்ல மனதுக்காக நான் காத்திருப்பது?

வீட்டுக்கு வந்த கையோடு எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். எந்தச் சங்கமும் இப்படி ஒருவருடைய வாக்கை இன்னொருவர் பையில் போட முடியாதபடி சட்டம் வேண்டும் என்று எழுதினேன். கணவர் வந்து பின்னால் நின்று வாசித்தார்.

"நானும் கையெழுத்துப் போடட்டோ?"

"வேண்டாம்," என்றேன். "என்ர ஒரு கையெழுத்தே போதும்."