அவருக்கு ஒத்துக்கொண்ட ஊர்

என் கணவருக்கு மூச்சிழுப்பு உண்டு. பெண் பார்க்க வந்தபோது யாரும் அதைச் சொல்லவில்லை. தருமபுரியில் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சின்ன வீட்டில் குடித்தனம் வைத்தோம். அவர் ரேடியோ பழுது பார்ப்பவர். நான் தொடக்கப் பள்ளி ஆசிரியை. மார்கழி வந்தால் இரண்டு தலையணைகளை மடியில் அடுக்கி, அவற்றின் மேல் கவிழ்ந்து உட்கார்ந்தபடியே விடியவைப்பார். சித்திரையிலும் விடாது. புழுதிக்காற்று கிளம்பினால் போதும், தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும்.

அறுபதுகளின் நடுவில் ஒரு மாதம், அடுத்தடுத்து மூன்று ஊசி போட வேண்டியதாயிற்று. மூன்றாவதைப் போட்டுவிட்டு டாக்டர் சொன்னார்:

"மருந்து பாதி வேலைதான் செய்யும். காத்து மாறணும். நல்ல வெயில் இருக்கணும், ஆனா சுடக்கூடாது. குளுகுளுன்னு இருக்கலாம், பனி மட்டும் ஆகாது. அப்படி ஒரு ஊரா பாத்துப் போயிடுங்க."

போகிற போக்கில் சொன்னதுதான். இவர் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். சேலத்திலிருந்து ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வந்து வாசல் நிலையில் மாட்டினார். காலையும் மாலையும் பார்த்து நோட்டில் எழுதினார். ரேடியோவில் வானிலை சொல்லும்போது வீட்டில் யாரும் பேசக்கூடாது. கோயம்புத்தூர், பெங்களூர், மைசூர் என்று ஊர்ப்பெயர்களை எழுதி, எதிரே எண்களைக் குறித்து வைப்பார். அந்த ஊர்களுக்குப் போக எங்களுக்கு வழியில்லை என்பது இருவருக்கும் தெரியும். என் சம்பளத்தை விட முடியாது. என் வேலை மாவட்டத்துக்குள்தான். ஆகவே மாவட்டத்துக்குள்ளேயே தேடினோம்.

விடுமுறை நாட்களில் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனோம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவர் ஓரமாக நின்று மூச்சை இழுத்துப் பார்ப்பார். சந்தைக்குப் போய்க் கத்தரிக்காயை அழுத்திப் பார்க்கிறவர்போல இருக்கும். பொம்மிடியில் காற்று நன்றாகத்தான் இருந்தது. அரை மணி நேரத்தில் ஒரு ரயில் வந்து நின்று கரிப்புகையைக் கக்கியது. அன்றே திரும்பினோம். சித்தேரி மலைக்குப் போனபோது பங்குனி மாதம்; பளிச்சென்ற வெயில், சிலுசிலுவென்று காற்று. இங்கேயே இருந்துவிடலாமா என்றார். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்த விவசாயி சிரித்தார்.

"நீங்க வெயில்ல வந்து நல்லா இருக்குதுன்றீங்க. மழையில வந்து பாருங்க. கம்பளியும் காயாது, சாமையும் காயாது."

ஓசூரில் அவருடைய உறவினர் வீட்டில் தங்கினோம். முதல் நாள் பகலெல்லாம் சொர்க்கம். மறுநாள் காலைப் பனியில் அவரை ரிக்‌ஷாவில் ஏற்றி டாக்டரிடம் கொண்டுபோனேன்.

கடைசியாக மாரண்டஹள்ளி. காய்கறி மண்டி வைத்திருந்த ஒருவரின் ரேடியோவைச் சரிசெய்யப் போனவர், வேலை முடியாமல் அங்கேயே தங்க வேண்டி வந்தது. துணைக்கு நானும் போயிருந்தேன். காலையில் நான் கண் விழித்தபோது வெயில் ஜன்னல் வழியாக அவர் முகத்தில் விழுந்திருந்தது. மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அப்படிப் படுத்து நான் பார்த்ததில்லை. எழுப்ப மனம் வராமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அன்று நான் பட்ட சந்தோஷத்தை இப்போதும் பொய் என்று சொல்ல மாட்டேன்.

மாற்றல் கிடைக்க ஒரு வருஷத்துக்கு மேலானது. அங்கே இருந்த ஓர் ஆசிரியை தருமபுரிக்கு வரத் துடித்துக்கொண்டிருந்தார். இருவரும் மனு எழுதி இடம் மாற்றிக்கொண்டோம். "அங்க என்னங்க இருக்குது, போய் உக்காரப் போறீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா. "காத்து," என்றேன்.

இவர் பஸ் நிற்கும் இடத்தருகே கடை போட்டார். உடம்பு தேறியது. வெற்றிலை போட ஆரம்பித்தார், பாட்டு முணுமுணுத்தார். ஆனால் ஊர் எல்லையைத் தாண்ட மறுத்தார். என் தங்கை கல்யாணத்துக்குப் புறப்பட்டு பாலக்கோடு வரைதான் வந்தார். பஸ்ஸிலேயே இழுக்கத் தொடங்கியது. என்னையும் குழந்தையையும் அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டுத் திரும்பிப் போனார். முகூர்த்தம் முடிந்த கையோடு நான் ஓடிவந்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நீ போனா எனக்கு இழுத்துக்குது டீச்சரு," என்றார். பயமுறுத்தச் சொன்னதில்லை. உள்ளதைச் சொன்னார்.

இரண்டு நாள் பயிற்சிக்காகத் தருமபுரி போனபோதும் அப்படியே ஆனது. அதன்பின் நான் போவதை நிறுத்திக்கொண்டேன். தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. பாலக்கோட்டுக்கு அப்பால் ஒரு கிராமம், அங்கேயே தங்கினால்தான் பள்ளிக்கூடம் நடத்த முடியும். அவரிடம் காட்டினேன். உத்தரவை வாங்கிப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். அப்போதே மூச்சு குறுகிவிட்டது. வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன்.

வருகிறவர்களெல்லாம் ஒரே பேச்சு. "என்னா ஒரு காத்து. நீங்க குடுத்து வச்சவங்க." நானும் ஆமாம் என்பேன். அதே வெயில், அதே இதம். ஒரு நாளைக்கும் மறுநாளைக்கும் வித்தியாசமே தெரியாது. பள்ளி விட்டு வரும்போது தருமபுரி பஸ் புறப்படத் தயாராக நிற்கும். அதைப் பார்க்காமல் கடந்துபோகப் பழகினேன். ஒருநாள் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது, எனக்கு மூச்சு முட்டுவதுபோல் இருந்தது. பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன். ஊரே மெச்சிய அந்தக் காற்று முகத்தில் அடித்தது. அதை உள்ளே இழுக்கவே பிடிக்கவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் தருமபுரியில் இருந்த என் அப்பாவுக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தருமபுரி பஸ் கண்டக்டர் கடைக்கு வந்து சேதி சொன்னார். நான் பையை எடுத்தேன்.

"போய்ட்டு வா," என்றார் இவர். கை மட்டும் மேஜை விளிம்பைப் பிடித்திருந்தது.

மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் போனேன். ஒரு பஸ் போனது. இன்னொன்றும் போனது. சேதி கொண்டுவந்த கண்டக்டர் திரும்பும் நடையில் என்னைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"என்னங்கம்மா, இன்னும் இங்கயே நிக்கிறீங்க? வர்றீங்களா, இல்லீங்களா?"

ஏறி உட்கார்ந்தேன். பாலக்கோடு வரும்வரை பின்னால் யாராவது சைக்கிளில் துரத்தி வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பதினைந்து நாள் இருந்தேன். அப்பாவுக்குப் பேச்சு திரும்பவில்லை. என் கையைப் பிடித்தபடியே போய்விட்டார். காரியத்துக்குக்கூட இவர் வரவில்லை. திரும்பி வந்தபோது கடை வாசலில் நின்றிருந்தார், இளைத்துப்போய்.

"ரெண்டு நாள் செம இழுப்பு. மூணாம் நாள் தானா விட்டுடுச்சு," என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் உள்ளே போய் அடுப்பு மூட்டினேன். விட்டுவிட்டது என்பதில் நிம்மதி இருந்திருக்க வேண்டும். எனக்கு அழுகைதான் வந்தது. மூன்றாம் நாள் என்று ஒன்று இருப்பது இத்தனை வருஷம் எங்கள் இருவருக்குமே தெரிந்திருக்கவில்லை.

சாப்பிடும்போது சொன்னேன். "இனிமே மாசம் ஒரு தடவ அம்மாவப் பாக்கப் போவேங்க."

"போ. நான் பாத்துக்கறேன்."

போனேன். ஆனால் முதல் நாள் கழிந்தால் அம்மா வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. புழுக்கம் தாங்காமல் மத்தியானம் முழுக்க விசிறியும் கையுமாக வாசலுக்கும் கொல்லைக்கும் நடப்பேன். நான் பிறந்து வளர்ந்த ஊர்; இந்த வெயிலில்தான் பாவாடை கட்டிக்கொண்டு ஓடித் திரிந்தேன். அம்மா ஒருநாள் மெல்லக் கேட்டாள்.

"ஏங்கண்ணு, நம்ம வூடு உனக்கு ஒத்துக்கலயா?"

விசிறியைக் கீழே வைத்தேன். புடவையை மடித்துப் பையில் வைத்தேன். சாயங்கால பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது.