வலையில் காய்ந்த சோளம்

தைப்பூசம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை. மொட்டை மாடிக்குப் போன ஹவுஸ் ஓனர் வேலாயுதம், இறங்கி வந்து எங்கள் கதவைத் தட்டினார்.

"சார்... மாடியில கருவாடு காயுதா?"

வேலாயுதம் வள்ளலாரின் வடலூர் சபைக்குத் தவறாமல் போகிறவர். 'கவிச்சி கூடாது' என்ற ஒரே கண்டிஷனில்தான் கடலூரில் இந்த வீட்டை எங்களுக்குக் கொடுத்தார். மகள் பத்தாவது எழுதப்போகும் நேரத்தில் வீடு மாறுவதா?

"கருவாடா? மக்காச்சோளம் சார்!"

சத்தியமாகச் சோளம்தான். சிதம்பரம் நண்பர் தன் வயலில் விளைந்ததைக் கொடுத்திருந்தார் — பெரிய கதிர் மாவுக்கு, சின்னக் கதிர் பாப்கார்னுக்கு. பாப்கார்ன் சோளம் அளவாகக் காய வேண்டும். ஈரம் இருந்தாலும் பொரியாது, ஒரேயடியாகக் காய்ந்தாலும் பொரியாது. அதனால் காயவைத்த தேதியை அட்டையில் எழுதி மாட்டியிருந்தேன். பால் பாக்கெட்டிலும் தேதி பார்க்கிற ஆள் நான்!

இருவரும் மாடி ஏறினோம். இரவுப் பனியில் எல்லாம் நனைந்திருந்தது. மூச்சை இழுத்தேன்... கருவாடேதான்! கண்ணுக்குச் சோளம், மூக்குக்கு மீன். எதை நம்புவது?

வேலாயுதம் அட்டையைப் படித்தார்.

"கருவாட்டுக்கெல்லாம் தேதி போடுறீங்களே!"

பின்னாலேயே வந்த என் மனைவி செல்வி விடவில்லை. அடியில் நனையாமல் இருந்த சின்னக் கதிர்களை உதிர்த்து, அடுக்களைக்குக் கொண்டுபோய் எண்ணெயில் போட்டாள். படபடவென்று பொரிந்தது. வேலாயுதம் சந்தேகத்தோடு வாயில் போட்டார். அப்புறம் ஒரு கைப்பிடி.

"சோளந்தான் சார். உப்புதான் கொஞ்சம் ஜாஸ்தி."

கீழே போய்விட்டார். அப்பாடா!

"ஏன் அவ்வளவு உப்பு போட்ட?"

"நான் உப்பே போடலங்க..."

அப்போதுதான் எனக்கு வலை ஞாபகம் வந்தது. அணில் கடிக்காமலிருக்கச் சோளத்தை ஒரு வலையில் கட்டியிருந்தேன். தேவனாம்பட்டினத்தில் மீன்பிடிக்கும் பள்ளித் தோழன் குமார் கொடுத்த வலை. போன் போட்டேன்.

"என்ன வலைடா அது?"

"கருவாடு காயப்போடுற வலை மச்சான். நீ காயப்போடத்தானே கேட்ட?"

"கழுவினியா?"

"பின்ன? கடல்ல நல்லா அலசித்தான் குடுத்தேன்!"

சொல்லாமல் விட்டால் வீடு நிலைக்கும். ஆனால் பூசத்துக்கு விரதம் இருந்த மனிதரை ஏமாற்றுவதா? கீழே போய்ச் சொல்லிவிட்டேன்.

வேலாயுதம் ஒரு வாய் தண்ணீர் எடுத்துக் கொப்பளித்துவிட்டு வந்தார்.

"அப்ப நான் சாப்ட்டது சைவமா, அசைவமா சார்?"

எனக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் காலை அவரே மேலே வந்தார். காலி செய்யச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தேன். கையில் துவைத்து மடித்த வெள்ளை வேட்டி.

"அந்த வலைய மொதல்ல திருப்பிக் குடுங்க. இனிமே இதுல கட்டிக் காயவைங்க. பொரிச்சா கீழயும் கொஞ்சம் குடுத்தனுப்புங்க."

அவர் தலை மறைந்ததும் வேட்டியை ஒருமுறை முகர்ந்து பார்த்துக்கொண்டேன். யாரை நம்புவது, சொல்லுங்கள்?