சீட்டுக்குப் பின்னால் நான்கு விரல் இடம்

என் அண்ணனுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தது நான் இல்லை, எதிர்க்கடை டயர்க்காரர். ஆனால் அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று எனக்குத்தான் நன்றாகத் தெரியும். மனிதர் உட்கார்ந்து சாப்பிட மாட்டார். நின்றபடியே நாலு வாய், வாசல் வரை ஒரு நடை, திரும்பி வந்து இன்னும் நாலு வாய். வண்டிகளுக்கு ஆடியோ பொருத்துவது அவர் வேலை. அதே கொட்டகையின் மறுபாதியில் சீட் கவர் தைப்பது என் வேலை. நடுவில் சுவர் கிடையாது. அவருடைய பரபரப்பு முழுக்க என் தையல் மெஷின் மேல்தான் வந்து விழும்.

கால்தான் நிற்காதே தவிர, கை அப்படியில்லை. இருபத்தைந்து வருடத்தில் ஒரு வண்டியிலும் தப்பான இடத்தில் துளை போட்டதில்லை. துளை போடுவதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, டார்ச் அடித்து, மறுபக்கம் என்ன ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். அந்தத் திமிர் அவருக்கு உண்டு. இருக்கட்டும், வேலை தெரிந்தவருக்குக் கொஞ்சம் திமிர் இருந்தால் என்ன?

ஒரு வருடமாகத்தான் எனக்கு அவரிடம் இரண்டு குறை. முதலாவது, அண்ணி சொன்னது. "நான் கூப்பிடுறது பக்கத்து வீட்டுக்குக் கேக்குது, உங்க அண்ணனுக்கு மட்டும் கேக்கல" என்பாள். "கல்யாணமாகி இருபது வருஷமாச்சு அண்ணி, எல்லா வீட்லயும் அப்படித்தான்" என்று நான் சிரித்துவிடுவேன். இரண்டாவது, அவர் கை வைத்த வண்டியில் எல்லாம் பாட்டு கூர்மையாகிவிட்டது. "என்னண்ணே, பாட்டு போடச் சொன்னா ஊசி போடுற?" என்று கேட்டால், "துணி தைக்கிறவளுக்குப் பாட்டைப் பத்தி என்ன தெரியும்?" என்று வாயை அடைத்துவிடுவார். நானும் விட்டுவிட்டேன்.

அன்று காலையில் கண்ணாடிக்காரர் தன் பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஜன்னல் கண்ணாடிகளைப் பின்னால் நிற்கவைத்துக் கட்டி ஊர் ஊராகக் கொண்டுபோகிறவர். "முப்பதைத் தாண்டினா கண்ணாடி உடையும். முப்பதுலயே போனா எனக்குத் தூக்கம் வரும். நல்லா பாட்டு கேக்குற மாதிரி ஒரு ஆம்ப் வச்சுக் குடுங்க" என்றார். சீட் கவரும் கிழிந்திருந்தது. நாலு மணிக்குப் பட்டறையில் சரக்கு ஏற்ற நிற்க வேண்டும், அதற்குள் இரண்டும் முடிய வேண்டும் என்பது அவர் கணக்கு.

பிக்கப் கேபினில், சத்தத்தைக் கூட்டுகிற அந்த ஆம்ப் பெட்டியை வைப்பது பெரிய வம்பு. காரில் என்றால் டிக்கி இருக்கிறது. இதில் சீட்டுக்கும் பின்சுவருக்கும் நடுவே நான்கு விரல் இடம், அவ்வளவுதான். ஜாக்கியும் அங்கேதான் கிடக்கும். சீட்டைக் கழற்றி என் பக்கம் தள்ளிவிட்டு, அண்ணன் அட்டையை வெட்டி அளவு பார்த்தார். பலகை அறுத்தார். பலகைக்கும் சுவருக்கும் நடுவே ரப்பர் வைத்தார். ஆம்ப் சூடாகும், காற்றுப் போக வேண்டும் என்று விரல் விட்டுப் பார்த்தார். எர்த் ஒயரின் வளையத்தை சீட் போல்ட்டுக்கு அடியில், தகரத்தில் நேராகப் படும்படி பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு மாட்டினார். புதுக் கவர் போட்ட சீட்டைத் தூக்கி வைத்து போல்ட்டை முறுக்கியது நான்.

மணி ஒன்றரை. கண்ணாடிக்காரர் ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தார். பாட்டுக்குப் பின்னால் மெல்லிசாக ஒரு ஊளை. மிதிக்க மிதிக்க அதுவும் ஏறியது.

"என்னங்க, உள்ள கொசு பாடுது?"

அண்ணன் தலையை உள்ளே விட்டார். "ஆமா, இருக்கு இருக்கு" என்றார்.

சீட்டை மறுபடி கழற்றினோம். பேட்டரி ஒயரை இடப்பக்கமும் பாட்டு வரும் ஒயரை வலப்பக்கமும் பிரித்து ஓட்டினார். சீட்டை மாட்டினேன். ஊளை அப்படியே இருந்தது. "இருக்கு இருக்கு" என்றார் அண்ணன், கண்ணாடிக்காரர் முகம் சுளித்த பிறகு. மூன்றாவது தடவை ஃப்யூஸையும் மாற்றினார். அதற்குள் வாசலுக்கும் வண்டிக்குமாக எத்தனை நடை நடந்தாரோ. "பம்பரத்துக்கே டிமிக்கியா?" என்று டயர்க்காரர் வேறு எதிர்ப்பக்கத்திலிருந்து குரல் கொடுத்தார். எனக்கு வந்த கோபத்தில் கத்தரியை எடுத்து எறிந்திருப்பேன்.

கண்ணாடிக்காரர் கடிகாரத்தைப் பார்த்தார். "நான் டீ குடிச்சிட்டு வர்றேன். அப்பவும் கொசு பாடுச்சுன்னா கழட்டிக் குடுத்துடுங்க. நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

எங்கள் தெருவில் அந்தக் கடைசி வாக்கியம் ஒரு தடவை வெளியே போனால் போதும், ஆறு மாதம் சுற்றும்.

அண்ணன் வண்டியில் ஏறி ஆக்சிலேட்டரை மிதித்தார். கண்ணை மூடிக்கொண்டு ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தார். பிறகு முகம் தெளிந்தது.

"பாப்பா, போயிடுச்சு. சுத்தமா இருக்கு பாரு."

ஊளை கொட்டகை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. விளையாடுகிறாரோ என்று நினைத்தேன். விளையாட்டு இல்லை. அவர் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு நேரமும் கண்ணாடிக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததும் இப்படித்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது.

"இருக்குண்ணே" என்றேன்.

"இப்பவா?"

"இப்பதான். காதைத் துளைக்குது."

காலை எடுத்தார். ஊளை இறங்கியது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

"நீ ஏறு. லேசா மிதிச்சுக்கிட்டே இரு. சத்தம் இருக்கிற வரைக்கும் கையைத் தூக்கியே வை. குறைஞ்சா கையையும் இறக்கு" என்றார்.

கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் மறுபக்கக் கதவு வழியாகக் குனிந்து ஒவ்வொரு ஒயராகத் தொட்டு அசைத்தார். ஒவ்வொன்றுக்கும் என் கையை நிமிர்ந்து பார்த்தார். சீட் போல்ட்டை அழுத்தியபோது ஊளை தடுமாறியது, என் கை பாதி இறங்கியது. உடனே போல்ட்டைக் கழற்றினார். எர்த் வளையத்துக்கும் சுரண்டிய தகரத்துக்கும் நடுவே காப்பிக்கலர் துணி. என் கவரின் ஓரம். மூன்று தடவையும் சீட்டை வைத்த அவசரத்தில் நானே அதை அடியில் சொருகி முறுக்கியிருக்கிறேன். பம்பரம் என்று ஊரே சொல்வது அவரை, அவசரப்பட்டது நான்.

"என் துணிதாண்ணே" என்றேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். துணியை வெட்டி எடுத்துவிட்டு போல்ட்டை இறுக்கினார். ஊளை நின்றது. என் கை மடியில் விழுந்ததைப் பார்த்துத்தான் அவர் மூச்சு விட்டார்.

கண்ணாடிக்காரர் வந்து மிதித்துப் பார்த்தார். "அட, கொசு செத்துச்சு! என்னதான் ஆச்சு?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "என் தப்புங்க. கவர் துணி எர்த்துல மாட்டிக்கிச்சு."

"அண்ணனைப் போய் இப்படிச் சுத்த விட்டுட்டியேம்மா" என்று டயர்க்காரர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லையே.

"பாட்டுதான் கொஞ்சம் குத்துது" என்றார் கண்ணாடிக்காரர், இறங்கிக்கொண்டே.

அண்ணன் அவரைப் பார்க்கவில்லை. வண்டியைச் சுற்றி என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "ட்ரெபிள் ஜாஸ்தியா?"

"ம்."

"எல்லா வண்டியிலயுமா?"

இதையேதான் ஒரு வருடமாகச் சிரித்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறேன். இப்போது தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். என்னை டிரைவர் சீட்டில் ஏறச் சொன்னார். "நீ குறை. உனக்கு எங்க சரியா இருக்கோ அங்க நிறுத்து."

ட்ரெபிள் குமிழைத் திருகினேன். பாட்டிலிருந்த ஊசி ஒவ்வொன்றாக உதிர்ந்தது. வெளியே நின்ற கண்ணாடிக்காரர் தலையாட்ட ஆரம்பித்தார்.

"வயலின் போயிடுச்சு" என்றார் அண்ணன். இன்னும் கொஞ்சம் திருகினேன். "அந்தப் பொண்ணு என்ன பாடுதுன்னே புரியல. உனக்கு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குண்ணே."

"அப்ப அப்படியே விடு."

நாலு மணிக்குப் பத்து நிமிடம்தான் பாக்கி. கண்ணாடிக்காரர் கதவருகே வந்து சாவிக்குக் கை நீட்டினார், பிறகு என்ன நினைத்தாரோ, கையை இழுத்துக்கொண்டார். அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் என் அண்ணன் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.